சுக்கானும் பிறப்பியலும்

இசைக்கு வேண்டிய ஒலியை ஆக்குவதில் இரு வழிகள் உண்டு. சிறு ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பது ஒன்று. செறிவான ஓர் ஒலியை முதலில் எழுப்பி, வேண்டாத கூறுகளை நீக்கி எஞ்சியதைக் கொள்வது மற்றொன்று. முறத்தில் நெல்லைப் புடைத்துப் பதரைப் போக்குவது போன்றது இந்த இரண்டாம் வழி. இதனைக் கழித்தல் முறை என்று வழங்கலாம். ராபர்ட் மூக்கின் நிறுவனம் 1970இல் வெளியிட்ட மினிமூக் என்னும் கருவி இம்முறையை உலகறியச் செய்தது. அன்று அதன் விலை ஏறத்தாழ 1,500 அமெரிக்க டாலர். அம்முறையைக் கற்க இன்று அத்தகைய செலவு வேண்டுவதில்லை. மாட் டைட்டல் என்பார் இயற்றிய ‘ஹெல்ம்’ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் அது இயங்கும். ஹெல்ம் என்றால் கப்பலின் சுக்கான்.

இதனைத் தமிழாசிரியர் படிக்கும் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கழித்தல் முறையின் அடிப்படையை நம்மவர் இளமையிலேயே மனப்பாடம் செய்திருக்கின்றனர் என்பதே விடை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியலை நினைவு கூர்க. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுகிறது. பின்னர்ப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு இயைந்து வெவ்வேறு எழுத்தாகிறது. பன்னிரண்டு உயிர்க்கும் மிடற்றுக் காற்று ஒன்றே. வாயைத் திறந்தால் அகர ஆகாரம். நாவிளிம்பு மேற்பல்லைப் பொருந்தினால் இகர ஈகாரம். இதழ் குவிந்தால் உகர ஊகாரம். மூலம் ஒன்று, வடிவு வேறு. ஹெல்மின் திரையில் நாம் காண்பதும் இதுவேயன்றி வேறன்று.

தொல்காப்பியரே மின்னிசைக் கருவியைக் கண்டுபிடித்தார் என்று இதனைத் திரித்துவிடலாகாது. அத்தகைய பேச்சு நம் மேடைகளில் மலிந்து கிடக்கிறது; அதனால் நூலுக்குப் பெருமை வருவதில்லை. குரல்நாண் அதிர்வு பற்றிய செய்தி பிறப்பியலில் இல்லை. மூலத்தையும் அதனைத் திருத்தும் உறுப்பையும் தனித்தனியே வைத்து எண்ணிய பார்வை இருக்கிறது. மேலைநாட்டில் அதே பார்வை எந்திரமாக உருப்பெற்றது. ஹோமர் டட்லி என்ற பொறியாளர் ஆக்கிய ‘வோடர்’ 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பேசிக் காட்டியது. அதற்கு மூலங்கள் இரண்டே: ஓர் அதிரொலி, ஒரு சீறொலி. பத்து விரல்கள் பத்து வடிகட்டிகளை ஆள, கால்மிதி சுருதியை ஏற்றி இறக்கியது. அதனை இயக்கிய பெண்கள் ஏறத்தாழ ஓராண்டு பயின்றனர் என்பர். குன்னர் ஃபான்ட் 1960இல் வெளியிட்ட பேச்சொலி நூல் இக்கருத்தைக் கணிதமாக்கியது.

இனி ஹெல்மைச் சோதிப்போம். அதில் அலை எழுப்பிகள் இரண்டு. அவற்றோடு ஒரு கீழ்ச்சுருதி எழுப்பியும் இரைச்சல் எழுப்பியும் உண்டு. இரம்பப்பல் வடிவ அலையை 110 சுழற்சியில் எழுப்பினால் 220, 330, 440 என அதன் மடங்குகள் யாவும் உடன் ஒலிக்கும். சதுர அலையில் 330, 550 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே வரும். முன்னதில் நாதசுரத்தின் சீவாளி போன்ற கரகரப்பையும், பின்னதில் குழாய்க்குரிய வெறுமையையும் காது உடனே உணர்கிறது. அலை திரையில் அசைவதைக் கண் காண்கிறது. வடிகட்டியின் எல்லையைக் குறைத்துக்கொண்டு வந்தால் மேல் மடங்குகள் ஒவ்வொன்றாக மறைவது தெளிவாகக் கேட்கும். இக்காட்சியும் கேள்வியும் ஒருங்கே அமைந்திருப்பதுதான் இம்மென்பொருளின் தலையாய சிறப்பு. நூறு பக்க விளக்கமும் இதற்கு ஈடாகாது.

உயிரொலிச் சாயலைத் தரும் வடிகட்டிப் பகுதியும் உண்டு. சதுரம் ஒன்றினுள் புள்ளியை நகர்த்தினால் ஒலி வாய் திறந்தது போலவும் குவிந்தது போலவும் மாறும். ஆண்குரல் ஆகாரத்தின் முதல் இரு ஒத்ததிர்வுகள் ஏறத்தாழ 700, 1100 சுழற்சியில் அமையும். ஈகாரத்துக்கு 300, 2300. ஊகாரத்துக்கு 300, 850. நா மேலே சென்றால் எது ஏறுகிறது, இதழ் குவிந்தால் எது தாழ்கிறது என்பதை மாணவர் செவியாலேயே அறியலாம். பிறப்பியலை ஒப்புவித்து மறக்கும் வகுப்பில் இதனைக் கால் மணி நேரம் காட்டினால் போதும்.

குறைகளும் உள. தொடக்கத்திலேயே ஆயத்த ஒலிகளின் பெரும் பட்டியல் நீட்டப்படுகிறது. கற்க வந்தவன் அதில் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். எதிரொலி, முழக்கம், பல குரல் தடிப்பு ஆகியன எந்தப் பிழையையும் அழகுபோல் மறைக்கும். ஆசிரியர் முதல் வேலையாக இவற்றை அணைத்துவிட வேண்டும். விசைப்பலகை எட்டுச் சுரத்தைப் பன்னிரண்டு சமபடிகளாக வெட்டி வைத்திருக்கிறது. சுருதியை வளைக்கும் சக்கரம் இருப்பினும், கமகத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். மேலும், 2020இல் வைட்டல் என்னும் புதிய மென்பொருளை ஆசிரியர் வெளியிட்ட பின் அவர் கவனம் அப்பக்கம் சென்றுவிட்டது. ஆயினும் தொடக்க மாணவனுக்குப் பழையதே நன்று. வைட்டலில் குமிழ்கள் மிகுதி, கண் திகைக்கும்.

பெருங்குறை மொழியைப் பற்றியது. குமிழ்கள் அனைத்தும் ஆங்கிலக் குறுக்கங்களில் உள்ளன. சிலர் ‘என்வலப்’ என்பதை ‘உறை’ என்றும், ‘அட்டாக்’ என்பதைத் ‘தாக்குதல்’ என்றும் பெயர்க்கின்றனர். கடிதமும் போரும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி ஒலி வருவதில்லை! ஒலி எழுந்து, தணிந்து, நின்று, ஒடுங்கும் நான்கு நிலைகளை எழுச்சி, தணிவு, நிலை, ஒடுக்கம் என்றால் காஜாங் பள்ளி மாணவனும் புரிந்துகொள்வான். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என்று மாத்திரை கற்றவனுக்கு ஒலியின் காலக்கணக்கு புதிதன்று.

காஜாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு 2017 முதல் பெருவிரைவு இரயில் ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் இன்று எட்டாத் தொலைவன்று. எனினும் ஒலிப்பதிவுக் கூடத்து மணிக்கட்டணம் பலருக்கு எட்டாதது. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வெளிவந்து மலேசியத் தமிழ் இசைக்குத் தமிழகத்திலும் செவிகளைத் தேடித் தந்தது. அந்த வழியில் வரும் இளைஞர் பிறர் செய்த ஆயத்த ஒலிகளையே கோத்துக் கொண்டிருந்தால் அவர்தம் பாட்டுக்குத் தனிக்குரல் எங்ஙனம் அமையும்?

ஹெல்ம் குனூ பொது உரிமத்தில் வந்தது. அதன் மூலநிரலை எவரும் திறந்து திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், மீண்டும் பரப்பலாம். முரசு மென்பொருளால் கணினியில் தமிழ் எழுத்தை ஏற்றிய முத்து நெடுமாறன் இந்நாட்டவரே; அவ்வேலையோடு ஒப்பிட்டால் இது சிறிது. அலை எழுப்பி, வடிகட்டி, எழுச்சி முதல் ஒடுக்கம் வரையுள்ள நான்கு குமிழ்கள் ஆகியவற்றுக்குத் தமிழ்ப்பெயர் இட்டு, பிறப்பியல் நூற்பாக்களின் வரிசையிலேயே பயிற்சிகளை அமைத்த பதினாறு பக்கக் கையேடு ஒன்று முதலில் வேண்டும். உயிரில் தொடங்கி மெல்லினம் வரை செல்லலாம். வல்லினத்தைக் கடைசியில் வைப்பதே தக்கது. க, ட, ப மூன்றையும் இரைச்சல் எழுப்பியால் வேறுபடுத்திக் காட்டுவது எளிதன்று.