கல்லிலும் காகிதத்திலும்

கலையைக் காண வேண்டுமெனில் அருங்காட்சியகத்திற்கோ ஓவியக் கூடத்திற்கோ செல்ல வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். அப்படியாயின், ஓய்வு நாளும் நுழைவுச் சீட்டும் வாய்க்காதவனுக்குக் கலையே இல்லை என்றாகிவிடும். நகரத்தின் அன்றாட வாழ்வு இக்கருத்தை மறுக்கிறது. சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னையின் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை ஒன்றே போதும்.

அச்சாலையிலுள்ள வாலாஜா பள்ளிவாசலில் நாம் பல்லாண்டுகளாகத் தொழுது வருகிறோம். அங்கே கல்லில் பொறிக்கப்பட்ட பார்சி வாசகம் ஒன்று உண்டு. சென்ற ரமலானில் நம்முடன் வந்த மாணவர், "உஸ்தாத், இதில் ஆண்டு எங்கே இருக்கிறது?" என்று வினவினார். மதரஸாவில் அப்ஜத் கணக்கைக் கற்பிக்கும் நாம், அன்றுதான் அக்கல்லின்முன் நின்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தோம். வெட்கத்துடனேயே இதனை எழுதுகிறோம்.

அரபு எழுத்துகளுக்கு 1 முதல் 1000 வரை எண் மதிப்புகள் உண்டு. ஒரு சொற்றொடரின் எழுத்துகளைக் கூட்டினால் ஓர் ஆண்டு வருமாறு அமைப்பதே 'தாரீக்' எனும் கலை. இக்கல்லில் ஆண்டைத் தருபவை மூன்று சொற்கள். 'திக்ரு' என்பதில் தால் 700, காஃப் 20, ரா 200, ஆக 920. 'அல்லாஹ்' 66. 'அக்பர்' 223. மூன்றையும் கூட்டினால் 1209. அதுவே பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு, கி.பி. 1794-95.

இது வெறும் சொல் விளையாட்டன்றோ எனச் சிலர் கேட்கலாம். தமிழில் சித்திரகவிக்கு எதிராகவும் இவ்வாறே சொல்லப்படுவதுண்டு. தாரீக் பலவற்றில் அக்குறை இருப்பது உண்மையே. எண்ணை நிரப்புவதற்காகச் சொல்லை வளைப்பர். கணக்குச் சரியாக வரும், பொருளோ நொண்டும். இங்கு அந்நிலை இல்லை. இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரியது எனும் பொருள் தொழுமிடத்திற்கு இயல்பாகவே உரியது. பொருள், இடம், ஆண்டு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நெருக்காமல் இணைந்து நிற்கின்றன. ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. இதனை யாத்தவர் நவாபிடம் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன்லால் எனும் இந்து அறிஞர். முஸ்லிம்கள் நாள்தோறும் வணங்குமிடத்தில் அவருடைய புலமை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இடம்பெற்றிருக்கிறது.

கல் நிலைத்திருக்கும், காகிதம் அவ்வாறன்று. அதே சாலையில், பள்ளிவாசலின் அண்மையில்தான் 1927ஆம் ஆண்டில் தோன்றிய 'முசல்மான்' எனும் உருது நாளேட்டின் அலுவலகம் அமைந்தது. நான்கு பக்கங்களையும் காத்திபுகள் கையால் எழுத, அதிலிருந்து தகடு எடுத்து அச்சிட்டனர். கடைசி நேரச் செய்திக்காக முதற்பக்கத்தில் சிறிது வெற்றிடம் விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் கடையில் வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலத்தை வீட்டில் பிரித்தபோது, அவ்வேட்டின் பழைய தாள் நம் கைக்கு வந்தது. ஒரு பக்கத்தின் எழுத்து தளர்ந்து படர்ந்திருந்தது; மறுபக்கம் இறுக்கமான வேறொரு கை. வலமிருந்து சற்றே கீழிறங்கி வரும் நஸ்தஃலீக் வரிகள், விலைவாசிச் செய்திக்கும் ஒரு நடையழகைத் தந்திருந்தன. மறுநாள் பொட்டலமாகும் என்றறிந்தும் இத்துணை அக்கறையுடன் எழுதினாரே எனச் சிறிது நேரம் அத்தாளையே நோக்கியிருந்தோம். பின்னர் நாமும் அதைக் குப்பையில்தான் இட்டோம்.

இத்தகைய கலைக்குக் காவலரும் இல்லை. கண்ணாடிப் பேழையும் இல்லை. காண்போரின் கவனம் ஒன்றே அதற்குக் காப்பு. அப்ஜத் அறிந்தோர் அருகிவிட்டால் கல் அங்கேயே இருக்கும், ஆண்டு மறைந்துவிடும். கையெழுத்தின் வேறுபாட்டை நோக்குவார் இல்லையெனில், காத்திபின் இடத்தில் கணினி வந்ததும் தெரியாது. அறியாதவனைக் குறை கூறுவதற்கில்லை. அறிந்திருந்தும் காணாமல் கடந்து சென்ற நம் போன்றோர்தாம் பொறுப்பேற்க வேண்டும்.

இப்போது அப்ஜத் பாடத்தின் முதல் நாளில் மாணவர்களை அக்கல்லின் முன் அழைத்துச் செல்கிறோம். கூட்டல் தவறும்போது அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. மீண்டும் கல்லையே பார்க்கிறார்கள்.