இலவச வழக்கும் எஞ்சிய நேரமும்

வக்கீல் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சீனியர்கள் இரண்டு அறிவுரைகளைச் சேர்த்தே சொல்வார்கள்: முதலில் கட்சிக்காரர்களைச் சேர்த்துக்கொள், அப்படியே ஏழைகளுக்கும் நாலு கேஸ் நடத்து. பார் கவுன்சில் விதிகளின் போக்கும் இதுதான். வசதியற்றவருக்கு இலவசமாக வாதாடுவது வக்கீலின் தலையாய கடமைகளில் ஒன்று என்கிறது ஒரு விதி. ஆனால் 'அவரவர் பொருளாதார நிலைக்கு உட்பட்டு' என்றும் அதிலேயே இருக்கிறது. தொழில் முதலில், தொண்டு பிறகு என்கிற நடைமுறைக்கு அந்த வரி வசதியாகப் போயிற்று.

இந்த நடைமுறையின் பெரிய பலம் சுதந்திரம். சொந்தக் கட்சிக்காரர்களால் அடுப்பெரிகிற வக்கீல், அரசையோ காவல்துறையையோ எதிர்த்து வக்காலத்துப் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1993இல் போலீஸ் காவலில் ராசாக்கண்ணு என்பவர் கொல்லப்பட்டபோது, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைக் கட்டணம் வாங்காமல் நடத்தியவர், பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. தொழிலில் ஊன்றி நின்றவர் என்பதால்தான் அந்த வழக்கை விடாமல் நடத்த முடிந்தது. சாட்சியை மடக்கும் திறமையும் கட்டணம் வாங்கி நடத்திய வழக்குகளில் பழகிப் பழகி வருவதே.

பலவீனம் நேரத்தில் இருக்கிறது. இலவசமாக எடுத்துக்கொண்ட ரிமாண்ட் கைதி ஒருவரின் கேஸ் கட்டைப் பாருங்கள். 60 நாளுக்குள், கடுமையான குற்றமானால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை பெறுவது கைதியின் உரிமை. ஆனால் மனுப் போடாமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இதற்குப் பெரிய வாதத்திறமை தேவையில்லை. ரிமாண்ட் தேதியை டைரியில் குறித்து, கெடு முடிந்த மறுநாளே மனுவோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அன்று காலை கட்டணம் கொடுத்த கட்சிக்காரருக்கு இன்னொரு கோர்ட்டில் குறுக்கு விசாரணை இருந்தால், எந்த வேலை தள்ளிப்போகும் என்பது எல்லா வக்கீல்களுக்கும் தெரியும்.

வக்கீலுக்கு நேரமே இல்லாமல் போவதன் உச்சம் அனோகிலால் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் தூக்குத் தண்டனைவரை போன அந்த வழக்கில், கைதிக்கு வக்கீல் நியமிக்கப்பட்ட நாளிலேயே குற்றச்சாட்டு வனையப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்து, ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராவதற்குப் பொதுவாக 7 நாளாவது தர வேண்டும் என்றது. வக்கீல் ஒருவர் பெயருக்கு நிற்பதை உதவி என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம்.

தொண்டின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் கேள்விதான். கட்சிக்காரர் இல்லாத ஜூனியரிடமே இலவச கேஸ் எளிதாகத் தள்ளப்படுகிறது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்ததே அவர்கள் நிலையைக் காட்டும்.

மாற்றாக 2022இல் வந்தது சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை. ஒப்பந்த அடிப்படையில் முழுநேரச் சம்பளம், தனித்தொழிலுக்குத் தடை. கைதியின் தேதிக்குப் போட்டியாகக் கட்டண வழக்கின் தேதி கிடையாது. ஆனால் இது குற்ற வழக்குகளுக்கு மட்டும். ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணும் நிலத்துக்காக அலைபவரும் இன்னும் தனி வக்கீல்களையே நம்பியிருக்கிறார்கள். ஒப்பந்த வேலையில் இருப்பவருக்குச் சந்துருவுக்கு இருந்த சுதந்திரமும் இருக்காது.

ஆகவே தனித்தொழிலைக் கைவிடச் சொல்வது தீர்வாகாது. இலவச வழக்குகளின் எண்ணிக்கையை வைத்துப் பெருமைப்படுவதை விட்டுவிடலாம். வருஷத்துக்கு இரண்டே கேஸ் எடுத்து, கட்டணம் வாங்கிய கேஸுக்கு இணையாக நடத்துகிறவர், இருபது கேஸில் வாய்தா வாங்குகிறவரைவிட அதிகம் செய்கிறார். நேரமில்லாதவர் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மறுத்துவிட்டால், அந்த ஏழைக்கு வேறு வக்கீலைத் தேடவாவது அவகாசம் கிடைக்கும்.