மெக்லஸ்கிகஞ்ச்: கணிப்பு சரி, கணக்கு தவறு

ராஞ்சியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், காடுகளுக்கு நடுவே இருக்கிறது மெக்லஸ்கிகஞ்ச். வெள்ளைக்காரர்கள் போனார்கள், பின்னாலேயே ஆங்கிலோ இந்தியர்களும் கப்பலேறினார்கள், ஊர் பாழடைந்தது என்றுதான் அதன் கதையைச் சொல்வது வழக்கம். பாதிக் கதை அது. மீதியை ஊர் உருவான விதத்தில் தேட வேண்டும்.

கல்கத்தாவில் வீடு, மனை வியாபாரம் செய்துவந்த எர்னஸ்ட் டிமோத்தி மெக்லஸ்கி 1933-இல் கோலனைசேஷன் சொசைட்டி ஆஃப் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். ராத்து ராஜாவிடமிருந்து சுமார் 10,000 ஏக்கரைக் குத்தகைக்குப் பெற்று, பங்கு வாங்குவோருக்கு நிலம் தருவதாக நாடெங்கும் இருந்த ஆங்கிலோ இந்தியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். ஏறக்குறைய 300 குடும்பங்கள் வந்து குடியேறின.

அவர்களை அழைத்துவந்த அச்சம் வீண் அச்சமல்ல. ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய துறைகளின் வேலையை நம்பியே அந்தச் சமூகம் வாழ்ந்தது. அரசு வேலைகள் இந்தியமயமானால் அந்தப் பிடிமானம் போய்விடும் என்று மெக்லஸ்கி கணித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 336-வது பிரிவு அந்தத் துறைகளில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டைப் படிப்படியாகக் குறைத்துப் பத்தாண்டுகளில் முடித்துவைத்தது. கணிப்பு பலித்தது.

தவறியது பரிகாரம். வந்தவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் ஓடு வேய்ந்த பங்களா கட்டினார்கள், சுற்றிலும் மாவும் கொய்யாவும் நட்டார்கள். மரங்கள் காய்த்தன, ஆனால் வீடு நடந்ததோ வெளியிலிருந்து வந்த ஓய்வூதியத்தில். உள்ளூரில் ஆலையோ அலுவலகமோ இல்லாததால் பிள்ளைகள் வேலை தேடி வெளியேறத்தான் வேண்டியிருந்தது. 1935-இல் மெக்லஸ்கி இறந்துபோனதைச் சரிவுக்குக் காரணமாகச் சொல்வோர் உண்டு. அவர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தாலும் வேலையில்லாத ஊரில் இளைஞர்களை நிறுத்திவைத்திருக்க முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். பெரம்பூரிலிருந்தும் கரக்பூரிலிருந்தும்கூட ஆங்கிலோ இந்தியர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் போனார்கள். ஆனாலும் அங்கே சமூகம் மிஞ்சியது; காரணம், ரயில்வே பணிமனை. மெக்லஸ்கிகஞ்சுக்குள்ளேயே இன்னொரு சான்று இருக்கிறது. 1997-இல் டான் பாஸ்கோ பள்ளி வந்ததும் பழைய பங்களாக்கள் மாணவர் விடுதிகளாயின, மீதமிருந்த குடும்பங்களுக்கு வருமானம் வந்தது. பிழைக்க வழி கிடைத்ததும் ஊர் நிமிர்ந்தது.

திட்டத்தின் இன்னொரு குறை பிழைப்பில்லாததைவிடக் கனமானது. இது முண்டா, ஒராவோன் ஆதிவாசி மக்களின் மண். குடியேற்றம் தொடங்கியபோது, நிலத்துக்காக பிர்சா முண்டா நடத்திய கிளர்ச்சி முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை; ஆதிவாசி நிலத்தைக் காக்க 1908-இல் சட்டமும் வந்திருந்தது. குடியானவர்கள் உழுதுகொண்டிருந்த நிலம் எடுக்கப்படவில்லை என்பது குடியேற்றத் தரப்பின் வாதம். குடியேறியவர்கள் அடித்துப் பிடுங்க வந்தவர்கள் அல்லர், பணம் கட்டி வந்தவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உழாத நிலம் உபயோகமற்ற நிலமாகாது. மேய்ச்சல், விறகு, இலுப்பைப்பூ எல்லாம் அங்கிருந்துதான். அதைப் பற்றி ராஜாவிடம் பேசியது போதும் என்று திட்டம் கருதியது.

ஆகவே என் தீர்ப்பு இது: மெக்லஸ்கிகஞ்சைக் காலனியாட்சியின் முடிவு அழிக்கவில்லை, அந்த முடிவு, பிழைப்புக்கு வழி வகுக்காமல் போட்ட திட்டத்தின் பலவீனத்தை வெளிக்காட்டியது. தனக்கென ஒரு மண் வேண்டும் என்று ஒரு சிறுபான்மைச் சமூகம் ஆசைப்பட்டதில் தவறில்லை. அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்களைக் கணக்கில் சேர்க்காதது தவறு. மெக்லஸ்கிகஞ்சைக் கைவிடப்பட்ட ஊர் என்று எழுதும்போது நாமும் அதே தவறைச் செய்கிறோம். முண்டாக்களும் ஒராவோன்களும் அங்கிருந்து எங்கும் போய்விடவில்லை.