வந்து போகும் கண்காட்சியும் தறிக்காரரின் கண்ணும்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1972இல் எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறைப் பொருட்களைச் சுமார் 17 லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். பெரிய கண்காட்சி என்றால் கூட்டம், கூட்டம் என்றால் வெற்றி என்ற கணக்கு அதன்பின் உலகமெங்கும் வலுப்பட்டது. நம் நாட்டிலும் 2017 நவம்பரில் மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் ‘இந்தியாவும் உலகமும்’ என்ற கண்காட்சி திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தோடும் இந்திய அருங்காட்சியகங்களோடும் சேர்ந்து ஏறக்குறைய 200 பொருட்களை அங்கே வைத்தார்கள். 2018இல் அது டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. இப்படி வந்து போகும் கண்காட்சிகளால் கோவைப் பக்கத்துச் சோமனூர் போன்ற விசைத்தறி ஊருக்கு என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. நிலையான அருங்காட்சியகம் தன்னிடம் உள்ளதைத்தான் காட்ட முடியும். பயணக் கண்காட்சியோ ஒரு கேள்வியை முன்வைத்து, அதற்கு விடை சொல்லும் பொருட்களைப் பல இடங்களிலிருந்து திரட்டுகிறது. இந்தியச் சிற்பத்தை அதே காலத்து வேற்று நாட்டுப் பொருளின் பக்கத்தில் வைக்கும்போது, பாடப்புத்தகம் தனித்தனிப் பாடமாகச் சொன்ன வரலாறு ஒன்றோடொன்று சேர்ந்து தெரிகிறது. கைப்பேசித் திரையில் எத்தனை படம் பார்த்தாலும் பொருளின் அளவும் கனமும் தேய்மானமும் பிடிபடுவதில்லை. நேரில் பார்த்தால்தான் பிடிபடும்.

துணிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிச்சம் பட்டால் சாயம் மங்கும், இழை நொய்ந்துபோகும். அதனால் பழந்துணிகளை 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியில் சில மாதங்கள் மட்டும் வைத்துவிட்டு, மறுபடி இருட்டறைக்கு அனுப்புவது அருங்காட்சியக வழக்கம். 2015 அக்டோபரில் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் இந்தியத் துணிகளுக்கென்றே நடத்திய பெருங்கண்காட்சியும் 2016 ஜனவரியில் முடிந்துவிட்டது. ஆக, துணியைப் பொறுத்தவரை தற்காலிகக் கண்காட்சி வெறும் விளம்பர உத்தி அல்ல; பொருளின் இயல்பே அதைக் கேட்கிறது.

ஆனால் குறைகளும் உண்டு. முதலாவது, இவை போகும் வழி. ‘இந்தியாவும் உலகமும்’ மும்பை, டெல்லி இரண்டோடு முடிந்தது. உலகத்தோடு இந்தியாவுக்கு இருந்த வணிகத் தொடர்புக்கான சான்றுகளோ நம் பக்கத்து நொய்யல் ஆற்றங்கரையில் கிடக்கின்றன. வெள்ளலூரில் 1842இலேயே ரோமானிய வெள்ளிக் காசுகள் 500க்கு மேல் கிடைத்தன. கொடுமணல் அகழாய்வில் தமிழி எழுத்துள்ள பானை ஓடுகளும், பச்சைக்கல், சூதுபவளம் போன்ற மணிகளும், அவற்றைச் செய்த பட்டறைத் தடயங்களும் வெளிப்பட்டன. உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்த மண்ணில் வாழ்பவர், அந்தக் கதையைக் கேட்க ரயில் ஏறி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. இது போகிறவரின் குறை அல்ல, ஏற்பாடு செய்கிறவர்களின் குறை.

இரண்டாவது குறை, யாரைப் பார்வையாளராக நினைக்கிறார்கள் என்பது. சோமனூர்த் தறிக்காரர் துணியைக் கையில் வாங்கியதும் நூலின் கவுண்ட் என்ன, அங்குலத்துக்குப் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்றுதான் பார்ப்பார். கண்காட்சிப் பலகையோ காலம், வட்டாரம், சேகரித்தவர் பெயர் என்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் சொல்லி நின்றுவிடும். நெய்தவர் பெயர் அநேகமாக இருக்காது. நெய்த கூலி இருக்கவே இருக்காது. கூலி உயர்வு கேட்டு 2022 ஜனவரியில் விசைத்தறிகளை நிறுத்திய வட்டாரம் இது. இங்கிருந்து போகிறவருக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துணியின் அழகு தெரியும். அதன் பலகையில் கூலி விடுபட்டிருப்பதும் தெரியும்.

இந்தக் குறைக்கு மாற்றாக ஒரு முயற்சி நம் பக்கத்திலேயே நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த ‘தி ரெஜிஸ்ட்ரி ஆஃப் சாரீஸ்’ அமைப்பு, கையால் நூற்றுக் கையால் நெய்த கதர்த் துணிகளை ‘மீனிங்ஸ், மெட்டஃபர்’ என்ற தலைப்பில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. துணிக்கலை அறிஞர் மார்தாண்ட் சிங் வழிகாட்டலில் உருவான சேகரிப்பு அது. 2018இல் ஆந்திர நெசவு ஊரான சீராலாவில் தொடங்கிக் கோவைக்கும் வந்தது. தலைநகரில் தொடங்காமல் நெசவு ஊரில் தொடங்கியதே ஒரு நிலைப்பாடு. துணியை அறிந்தவர் முதலில் பார்க்கட்டும் என்பது அதன் பொருள்.

ஆனாலும் நல்ல கண்காட்சியும் தன் கதையைச் சொல்லிவிட்டு மூட்டை கட்டிவிடும். ஊரின் கதையைச் சொல்ல ஊரில்தான் ஆள் வேண்டும். சோமனூருக்குக் கிழக்கே திருப்பூர், விடுதலைப் போராட்டக் காலத்தில் தமிழ்நாட்டுக் கதர் இயக்கத்தின் தலைமையிடம். காந்தியவாதி கோவை அ. அய்யாமுத்து அங்கே சர்க்கா (இராட்டை) சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளையை நடத்தியவர். கதரூர் எப்படிப் பனியன் ஊரானது, அதன் பக்கத்தில் விசைத்தறி எப்படி வேர்பிடித்தது, காடா துணி நெய்கிறவருக்கும் கைத்தறியாளருக்கும் நடுவே 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரகப் பாதுகாப்புச் சட்டம் எங்கே கோடு போட்டது என்பதையெல்லாம் வெளியூர்க் கண்காட்சி வந்து சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன் பெயரில் கோவை அவிநாசி சாலையில் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் இருக்கின்றன. மும்பைக்கு டிக்கெட் எடுக்கும் முன் அவற்றைப் பார்த்திருக்கிறோமா?

பயணக் கண்காட்சிக்குப் போவது நல்ல பழக்கம், ஆனால் தனியாக நின்றால் அரைகுறைப் பழக்கம் என்பதே என் முடிவு. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை விட, எதை விட்டுச் சென்றது என்ற கணக்கில்தான் ஒரு கண்காட்சியை மதிப்பிட வேண்டும். நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தமிழில் விளக்கப் பலகை வையுங்கள். மூலத்துணி பெட்டியில் இருக்கட்டும், தொட்டுப் பார்க்க ஒரு மாதிரித் துண்டை வெளியே வையுங்கள். தறி ஓடாத நாளில் கதவைத் திறந்து வையுங்கள். விளக்கம் சொல்ல ஒரு நெசவாளரையும் கூலி கொடுத்து அமர்த்துங்கள். படங்களும் குறிப்புகளும் அடங்கிய ஒரு பிரதியை உள்ளூர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

போகிறவர்களுக்கும் ஒரு சொல்: எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். ஐந்து பொருட்களைத் தேர்ந்தெடுத்து நின்று பாருங்கள்; நெய்தவர் யார் என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் பலகையில் அந்த வரியும் இடம்பெறும்.