அந்தம்மா ஏன் அழலை?

'ஈவில் ஏஞ்சல்ஸ்' என்று ஓர் ஆஸ்திரேலியப் படம். 1988-ல் வந்தது. வெளிநாடுகளில் 'எ க்ரை இன் த டார்க்' என்று பெயரை மாற்றி ஓட்டினார்கள். மெரில் ஸ்ட்ரீப்புக்கு கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கிக்கொடுத்த படம். போலீஸ், கோர்ட், ஜெயில் எல்லாம் உண்டு. ஆனால் வில்லன் என்று தனியாக ஓர் ஆசாமி கிடையாது. ஊர் வாய்தான் வில்லன்.

கதை நிஜத்தில் நடந்தது. 1980 ஆகஸ்ட் 17. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் உலுரு பாறையின் அடிவாரத்தில் ஒரு குடும்பம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தது. கணவர் மைக்கேல் சேம்பர்லெயின், சபை போதகர். மனைவி லிண்டி. ராத்திரி கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது வாரக் குழந்தை அஸாரியாவைக் காணவில்லை. டிங்கோ என்கிற காட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அலறினார் லிண்டி.

அப்புறம்தான் ஆரம்பித்தது. டி.வி.யில் பேசும்போது அந்தம்மா ஏன் அழலை? பெற்ற பிள்ளை போன கதையை எப்படி இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடிகிறது? பச்சைக் குழந்தைக்கு யாராவது கறுப்பு டிரெஸ் வாங்குவார்களா? அஸாரியா என்றால் 'வனாந்தரத்தில் பலி' என்று அர்த்தமாமே? (இல்லை. 'கடவுள் உதவினார்' என்று பொருள் தரும் எபிரேயப் பெயர் அது.)

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் ஒரு என்ட்ரி போட வேண்டுமென்றால் ஒரு வவுச்சர் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே வவுச்சரே இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அழாதது ஒரு வரி, கறுப்பு டிரெஸ் ஒரு வரி, பெயர் ஒரு வரி. பூஜ்யத்தை எத்தனை தடவை கூட்டினாலும் பூஜ்யம்தானே? ஊர் கூட்டியபோது மட்டும் 'கொலைகாரி' என்று விடை வந்தது.

1981-ல் நடந்த முதல் விசாரணை, பெற்றோர் மேல் தப்பில்லை, டிங்கோதான் என்று சொன்னது. வதந்தி அடங்கட்டும் என்று அந்த முடிவை டி.வி.யில் நேரடியாகவே ஒளிபரப்பினார்கள். அடங்கவில்லை. மறு விசாரணை வந்தது. குடும்பத்தின் காரில் ரத்தம் தெறித்திருந்தது என்றார்கள் நிபுணர்கள். 1982 அக்டோபரில் லிண்டிக்கு ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. அடுத்த மாதம் காவலில் இருந்தபடியே குழந்தை பெற்றார்.

1986-ல் அந்தப் பாறைப் பக்கம் ஒரு சின்னச் சட்டை கிடைத்தது. குழந்தை போட்டிருந்ததாக லிண்டி திரும்பத் திரும்பச் சொல்லியும் அரசுத் தரப்பு நம்ப மறுத்த அதே சட்டை. சில நாட்களில் விடுதலை. டாஷ்போர்டுக்கு அடியில் தெறித்திருந்ததாகச் சொன்ன ரத்தம்? கார் தொழிற்சாலையில் சத்தத்தைக் குறைக்க அடிக்கும் ஒரு பூச்சு! 1988-ல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று கடைசியாக எழுதிக் கையெழுத்துப் போட 2012 ஆகிவிட்டது. 32 வருஷம்.

இயக்குநர் ஃப்ரெட் ஷெப்பிசி செய்த நல்ல காரியம், கேமராவை அடிக்கடி லிண்டியிடமிருந்து பிரித்து முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோவது. சாப்பாட்டு மேஜையில், மதுக்கடையில், யார் யாரோ இந்தக் கேஸைப் பேசுகிறார்கள். ஒருத்தர் பெயரும் நமக்குத் தெரியாது. யாரும் கெட்டவர்களாகவும் தெரியவில்லை. பொழுதுபோக்குக்குப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். மெரில் ஸ்ட்ரீப்பும் நம் அனுதாபத்தைக் கேட்டுக் கையேந்தவில்லை. வெடுக்கென்று பேசுகிற, பிடிவாதமான பெண்ணாகவே நடித்திருக்கிறார். சினிமா அம்மாக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனாலும் ஆச்சரியமில்லை.

என் குறை ஒன்றுதான். ஆரம்பத்திலேயே கூடார வாசலில் டிங்கோவைக் காட்டிவிடுகிறார்கள். லிண்டி நிரபராதி என்பது அந்த நிமிஷமே நமக்குத் தெரியும். அதனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்த்து, 'சே, என்ன ஜனங்கப்பா!' என்று சுலபமாகச் சலித்துக்கொள்கிறோம். அந்த நாயைக் காட்டாமல், அழாத அந்த முகத்தை மட்டும் காட்டியிருந்தால்? தியேட்டரில் பாதிப் பேர் அவரைச் சந்தேகப்பட்டிருப்போம். கடைசியில் வெட்கப்பட்டிருப்போம். படம் நம்மை அந்தப் பரீட்சையில் உட்கார வைக்காமலே பாஸ் போட்டு அனுப்பிவிட்டது.

ஷெப்பிசி பக்கமும் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு ரத்தான சூட்டோடு வந்த படம் இது. அப்போதும் நம்பாதவர்கள் நிறைய. அவர்கள் முன்னால் அந்தப் பெண்ணின் பெயரை வைத்து சஸ்பென்ஸ் விளையாட்டு ஆடுவது அழகில்லை. சரி. அவருக்கு அது தேவைப்பட்டது. நமக்குத்தான் அந்தச் சலுகை தேவையில்லை.

ஏனென்றால் நிஜத்தில் யாரும் நமக்கு டிங்கோவைக் காட்டுவதில்லை. யாரோ காணாமல் போகிறார்கள். அம்மாவோ புருஷனோ மைக் முன்னால் நிற்கிறார்கள். நாம் சோபாவில் சாய்ந்துகொண்டு அவர்கள் கண்ணையே பார்க்கிறோம், ஈரம் இருக்கிறதா என்று. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சம். முன்பு டி.வி. மட்டும்தான். இப்போது கையிலிருக்கும் போனிலேயே ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்கிறோம்.

லிண்டியின் வாழ்க்கையில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஜெயிலில் போனது. அவரைப் பற்றிப் பேசியவர்களில் ஒருத்தரும் ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. அடுத்த தடவை யாராவது, 'நீ என்ன நினைக்கிறே, அவங்கதானே?' என்று கேட்டால், 'தெரியலை' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அரட்டை சப்பென்று முடிந்துபோகும். போகட்டுமே!