திரையிசை நினைவுகளும் ஒலிபரப்பின் அதிகாரமும்

திரையிசை பற்றிய நினைவுக் குறிப்புகளில் இலங்கை வானொலிக்குத் தனியிடம் உண்டு. ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சியும் எஸ்.பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர்களின் குரலும் தமிழகத்து முதியோர் பலரின் உள்ளத்தில் இன்றும் நிலைபெற்றுள்ளன. எனினும் இத்தகைய குறிப்புகளுட் பெரும்பாலானவை அக்காலத்தைப் பொற்காலம் எனப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றன. தமிழகத்தார் தம் திரைப்பாடலைக் கேட்கக் கடல்கடந்த நிலையம் ஒன்றனை ஏன் நாட வேண்டியிருந்தது என்னும் வினாவை அவை எழுப்புவதில்லை.

இதற்கான விடையைத் தில்லியில் தேட வேண்டியுள்ளது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைத் தாழ்த்தும் எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகியது. செவ்வியல் இசை முதன்மை பெற்றது. ஆற்றல்மிகு சிற்றலைக் கருவிகளைக் கொண்டிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கு இது வாய்ப்பாயிற்று. நேயரை இழந்த பின்னரே, 1957 அக்டோபர் 3ஆம் நாள் ‘விவித பாரதி’ தொடங்கப்பெற்றது. ஆகவே, இன்று இனிமையாக நினைவுகூரப்படும் அவ்வொலி ஓர் அரசின் மறுப்பினால் வலுப்பெற்றது என்பது நம் துணிபு.

இதனின்று பெறப்படுவது யாது? நினைவு என்பது பாடலின் சிறப்பை மட்டும் காட்டும் சான்றன்று. எதனை, எப்பொழுது, யார் ஒலிக்கச் செய்தனர் என்பதற்கும் அது சான்றாகும். ஒலிபரப்பப்பெறாத பாடல் நினைவிலும் இடம்பெறுவது அரிது.

ஒலிநாடா பரவியபொழுது தெரிவு நேயரின் கைக்கு வந்தது. 2005இல் யூடியூப் தோன்றியபின் பழம்பாடல்கள் வேண்டிய பொழுதில் கிடைக்கலாயின. இதனால் ஊடகத்தின் அதிகாரம் ஒழிந்தது என்பாரும் உளர். இக்கூற்று முழுமையாக ஏற்புடையதன்று. அமைச்சரும் அறிவிப்பாளரும் செய்த தெரிவின் ஒரு பகுதியை இன்று கணினிப் பரிந்துரை செய்கின்றது. முன்னையோரின் பெயரை நாம் அறிவோம். பின்னையது பெயரின்றி இயங்குகின்றது. மேலும், ஊரே ஒரே பொழுதில் ஒரு பாடலைக் கேட்ட பொதுமை இன்று அரிதாகிவிட்டது.

மலேசிய, சிங்கைத் தமிழ் மாணவர்கள் தம் இல்லத்து முதியோரிடம் இசை நினைவுகளைத் திரட்டும்பொழுது, ‘எந்தப் பாடல்?’ என்பதோடு நின்றுவிடலாகாது. எந்த நிலையம், எந்த நேரம், யாருடைய வீட்டு வானொலி, உடனிருந்து கேட்டோர் யாவர் என்பனவும் வினவப்பெறல் வேண்டும். அவ்விடைகளைக் கூறவல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பாடல்களை எந்நாளும் மீட்கலாம். அவற்றைக் கேட்ட சூழலை மீட்க இயலாது.