கியர் லிவருக்கு அடியில் ஒரு பெட்டி

காரின் ஏர்பேக்கை எப்போது விரிப்பது என்று தீர்மானிக்கும் பெட்டி, பெரும்பாலான கார்களில் கியர் லிவருக்கு அடியில், தரைத்தகட்டின் நடுமேட்டில் இருக்கும். மோதலின் அதிர்வை உணர அது தோதான இடம். மழைநீருக்கும் அதுவே தோதாகிவிடுகிறது. மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் தண்ணீர் காருக்குள் ஏறினால், பெட்டியின் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கும்.

அந்தப் பெட்டியை மாற்றும் மெக்கானிக் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுகிறார். பிறகு சும்மா இருக்கிறார். கைத்திறனில் பாதி இந்தச் சும்மாவில்தான். மோதலில் பேட்டரி இணைப்பு அறுந்தாலும் பை விரியவேண்டும் என்பதற்காகவே பெட்டிக்குள் ஒரு கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்திருக்கும். அது வடியக் கையேடு சொல்லும் நேரம் காருக்குக் கார் மாறும். சிலவற்றில் ஒரு கட்டிங் சாய் குடித்து முடிக்கலாம்.

அடுத்து மஞ்சள் கனெக்டர்கள். அந்த நிறம் அலங்காரமல்ல, எச்சரிக்கை. பை பக்கம் போகும் வயரில் சாதாரண மல்டிமீட்டரை வைப்பது வம்பு. அதன் சிறு மின்னோட்டமே பையை விரிக்கும் திரியைக் கிளப்பிவிடக்கூடும்.

புதிய பெட்டியின் முதுகில் ஒரு அம்புக்குறி உண்டு. அது வண்டியின் முகத்தைப் பார்க்கவேண்டும். போல்ட்டுகளைச் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். தளர்ந்த பெட்டி அதிர்வைத் தவறாகப் படிக்கும். விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதன் நினைவில் அந்த விபத்து பதிந்திருக்கும்.

கடைசியில் பேட்டரியை மீண்டும் இணைத்து, ஸ்கேனரால் கோடிங். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைகிறது.